இரண்டு தடவை சொல்லும் சொற்கள்

மேஜையின் மேல் ஒரு பிளாஸ்டிக் பசு, ஒரு ஸ்பூன், ஒரு சிவப்புக் கார். மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டு, கார் எங்கே என்று பாப்பாவிடம் கேட்டாள் பேச்சுப் பயிற்சி தரும் இளம்பெண். பாப்பாவுக்கு இரண்டு வயது ஏழு மாதம். தீர்ப்பு சொல்லப் போகிறவளைப் போல மூன்றையும் நிதானமாகப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் மெல்ல எழுந்தது. அதற்குள், "அதோ சிவப்பா இருக்கு பாரு, நம்ம தெருவுலகூட டுர்ருனு போகுமே, எடுத்துக் குடு கண்ணு" என்று அம்மா சொல்லி முடித்து, காரை எடுத்து மகளின் கையில் வைத்தும் விட்டாள். பாப்பா காரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், எழுந்த விரலை மடக்கிக்கொண்டாள்.

பயிற்சிப் பெண் சிரித்தபடி எதையோ குறித்துக்கொண்டாள். பாப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. அந்தப் பரிசோதனை போன வாரமே முடிந்துவிட்டது. சொல்வதெல்லாம் புரிகிறது. ஆனால் வாயிலிருந்து வருவது ஐந்தே ஐந்துதான். அம்மா, தா, போ, பூ, இவை தவிர உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 'ம்'. அந்த ஐந்தில் அப்பா இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும் அதை மனதுக்குள் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தார்.

அவர் பக்கம் திரும்பி, நீங்களும் பாப்பாவும் சேர்ந்து என்ன விளையாடுவீர்கள் என்று பயிற்சிப் பெண் கேட்டபோது அவர் நாற்காலி நுனிக்கு வந்தார். "நா... நா... நா..." என்று தொடங்கினார். "அவர் எப்பவும் மெஷினோடதான் மேடம்" என்று மனைவி கைகொடுத்தாள். "தூக்கி வெச்சுக்குவாரு, தட்டித் தூங்க வெப்பாரு, பாசத்துக்கு ஒரு குறையும் இல்ல. பேச மட்டும் மாட்டாரு." அவர் தலையாட்டிவிட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். மகள் விரலை மடக்கிய அதே மாதிரி அப்பாவும் வாயை மூடியதைப் பயிற்சிப் பெண் பார்த்தாள். அதையும் குறித்துக்கொண்டாள்.

பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒற்றை ஷட்டர் கடை வைத்திருக்கும் வாஷிங் மெஷின் மெக்கானிக் அவர். தெருவில் அவருக்கு 'சைலன்சர்' என்று பெயர். பெயர் வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை, அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது 'உள்ளேன்' சொல்ல முடியாமலே வகுப்பில் இல்லாதவராகப் பல நாள் பதிவாகியிருக்கிறார். அதனால் மெஷின்கள் அவருக்குப் பிடித்துப்போயின. எவ்வளவு நேரமானாலும் அவை கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

மனைவிக்கு பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு பேர் வந்து கேட்பார்கள். பாதிக் கேள்வியிலேயே அவளுக்குப் பதில் வந்துவிடும். வந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் வரிசை வாசல் வரை போய்விடும். அவர்கள் இருவரும் சந்தித்ததே அந்த ஜன்னலில்தான். போக வேண்டிய ஊரின் பெயரில் முதல் எழுத்திலேயே அவர் மாட்டிக்கொண்டு நிற்க, அடுத்த ஒரு மணி நேரத்தில் புறப்படும் அத்தனை பஸ்களையும் அவள் வரிசையாக ஒப்பித்தாள். சரியான ஊர் வந்ததும் அவர் தலையாட்டினார். மறுநாளும் வந்து நின்றார். அன்றைக்கு எந்த ஊருக்கும் அவர் தலையாட்டவில்லை. அதற்கு மறுநாளும் வந்தார். நாலாம் நாள் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது, அவருக்காக அதையும் அவளே சொல்லிவிட்டாள்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். அவர் வாக்கியத்தைத் தொடங்குவார், அவள் முடிப்பாள். கடைக்காரரிடம், டாக்டரிடம், சொந்தக்காரர்களிடம், எல்லா இடத்திலும் அப்படித்தான். அவருக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. ஆனால் அவளுக்கும் தெரியாத ஒன்றை அவர் இரண்டரை வருடமாக உள்ளே வைத்திருந்தார். பிறந்த குழந்தையைக் கையில் வாங்கிய அன்றே, இவள் காதுபட வாய் திறக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். எங்கிருந்தோ தனக்கு வந்து ஒட்டிக்கொண்ட இந்தத் திக்கு, தன் வாயிலிருந்து மகளின் வாய்க்குத் தாவிவிடும் என்று அவருக்குப் பயம். தூக்கினார், ஆட்டினார், முதுகு சொரிந்துவிட்டார், கன்னத்தோடு கன்னம் வைத்தார். எல்லாம் ஊமைப் படம்.

அந்த மாதம் பார்த்து, பாப்பாவைப் பகலில் விட்டுவைக்கும் குழந்தைகள் காப்பகத்தில் தரையைப் பெயர்த்துப் புதிதாகக் குழாய் பதிக்கிறார்கள் என்று இரண்டு மாதம் மூடிவிட்டார்கள். மனைவிக்குக் காலை ஆறிலிருந்து இரண்டு வரை பணிமுறை. ஆக, விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை பாப்பா அப்பாவின் பொறுப்பு. பயிற்சிப் பெண் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: தனியாகப் பாடம் எதுவும் வேண்டாம், சட்டை போடுகிறீர்களா, சட்டையைப் பற்றிப் பேசுங்கள், குளிப்பாட்டுகிறீர்களா, தண்ணீரைப் பற்றிப் பேசுங்கள், குழந்தை ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் அதோடு ஒன்று சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். ஏதாவது கேட்டுவிட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பத்து ஆகும்வரை வாயைத் திறக்கவே வேண்டாம். மனைவி இதையெல்லாம் காகிதத்தில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி, கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டுவிட்டுப் போனாள்.

முதல் நாள் காலை அவர் அந்தக் காகிதத்தின் முன்னால் பல் தேய்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு குளித்துத் தலை ஈரத்தோடு உட்கார்ந்திருந்த மகளின் முன்னால் மண்டியிட்டு, மஞ்சள் சட்டையை அவள் தலைவழியே போட்டார். சட்டைக்குள் பாப்பா மறைந்தாள். இப்போது 'தலை எங்கே' என்று கேட்க வேண்டும். வீட்டில் யாருமில்லை. ஜன்னலைக்கூட ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"த... த... த..."

வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொண்டது. நெற்றி வியர்த்தது. வழக்கமாக இந்த இடத்தில் எதிரில் இருப்பவர்களின் முகம் மாறும். ஒருவர் இரக்கப்படுவார், ஒருவர் வேறு பக்கம் பார்ப்பார், ஒருவர் தானே முடித்துவிடுவார். இங்கே முகமே இல்லை, மஞ்சள் துணி மட்டும்தான். துணிக்குள்ளிருந்து ஒரு களுக் சத்தம் வந்தது. "த... த..." என்றார் மறுபடியும். உள்ளே சிரிப்பு இன்னும் பெரிதானது, துணி குலுங்கியது. அப்பா வேண்டுமென்றே இழுக்கிறார், இதோ வரப்போகிறது, இதோ இதோ என்று அவள் உள்ளே காத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "தலை" என்று வார்த்தை ஒருவழியாக வெளியே வந்து விழுந்ததும், கழுத்து ஓட்டைவழியே தலையும் வெளியே வந்தது. முகமெல்லாம் பல்.

அவருடைய முப்பத்தாறு வருட வாழ்க்கையில் யாரும் அந்த 'த... த...'வுக்காக ஆசைப்பட்டுக் காத்திருந்ததில்லை. சட்டையைக் கழற்றி மறுபடி போட்டார். அன்று காலை அந்த ஒரு சட்டையை ஏழு தடவை போட்டார்கள். கடை திறக்க மணி பத்தாகிவிட்டது.

நாலு நாள் இப்படியே போயிற்று. கை வந்தது, கால் வந்தது, காலுறைக்குள்ளிருந்து கட்டை விரல் வந்தது. ஐந்தாம் நாள், சட்டைக்குள்ளிருந்து பாப்பாவே தொடங்கினாள்: "த... த... த..." ஒரு நொடி நிறுத்தம். பிறகு தலை வெளியே வந்தது. "தலை."

இரண்டு எழுத்தும் தெளிவாக, சோப்புப் போட்டுக் கழுவினாற்போல் வந்தன. மகளின் ஆறாவது வார்த்தை. ஆனால் அவருக்கு அது காதில் ஏறவில்லை. முன்னால் வந்த அந்த மூன்று 'த'தான் ஏறியது. ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நினைத்தார். அன்றும் மறுநாளும் அவர் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பொத்தான் வைத்த சட்டையாகப் பார்த்து எடுத்து, முன்பக்கமாகவே போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் காலை அவர் குளியலறையிலிருந்து வந்தபோது பாப்பா கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அந்த மஞ்சள் சட்டையை அலமாரியிலிருந்து அவளே இழுத்து வந்து தலைமேல் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை. அவர் வந்த சத்தம் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளேயே அசையாமல் காத்திருந்தாள்.

அவர் அவளை அப்படியே சட்டையோடு அள்ளிக்கொண்டு பயிற்சிப் பெண்ணிடம் போனார். முன்கூட்டிச் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னார். வேறொருவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அவருக்கு இருபது நிமிடம் ஆயிற்று. அவள் ஒரு இடத்திலும் எடுத்துக்கொடுக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் கேட்க வந்ததைக் கேட்டார்.

"எ... என்கிட்டேர்ந்து... ஒ... ஒட்டிக்குமா மேடம்?"

"ஜலதோஷமா சார் இது, பேசினா ஒட்டிக்கறதுக்கு?" என்றாள் அவள். சில குடும்பங்களில் இது வழிவழியாக வருவது உண்டுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் பேசியதைக் கேட்டு அவளுக்கு வராது, நீங்கள் பேசாமல் இருப்பதால் அதைத் தடுத்துவிடவும் முடியாது என்று விளக்கினாள். பேச ஆரம்பிக்கிற வயதில் நிறையக் குழந்தைகள் முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும், பெரும்பாலும் தானாகவே போய்விடும், மாதக்கணக்கில் நீடித்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றாள். இது அதுகூட இல்லை, வெறும் விளையாட்டு. அப்பா எப்படிச் சொல்வாரோ அப்படியே விளையாடியிருக்கிறாள். "அவ ஒரு வார்த்தை புதுசா சொல்லியிருக்கா, நீங்க அதைக் கொண்டாடாம ரெண்டு நாள் வாயை மூடிட்டு இருந்திருக்கீங்க."

அவர் தலை குனிந்தார். அவள் சற்று இறங்கிய குரலில், உங்களிடம் ஒன்று கவனித்தேன் என்றாள். இங்கே வருகிற பெற்றோர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கப் படாதபாடு படுவது அந்தப் பத்து எண்ணுவதைத்தான், மூன்று எண்ணுவதற்குள் எல்லோருக்கும் வாய் நமநமவென்று அரிக்கும். "உங்களுக்கு அது தானா வருது சார். முதல் நாளே பார்த்தேன். அவ விரலைத் தூக்கினப்போ அந்த ரூம்லயே நீங்க ஒருத்தர்தான் காத்துக்கிட்டு இருந்தீங்க."

அன்றிலிருந்து சைலன்சர் கழன்றது. திக்கவில்லை என்று சொல்ல முடியாது. திக்கித் திக்கியே நாள் முழுக்கப் பேசினார். பாப்பாவைக் கடையில் கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய டிரம்மின் மேல் உட்காரவைத்து, கையில் எடுப்பதையெல்லாம் அவளுக்கு அறிமுகம் செய்துவைத்தார். இது ஸ்பேனர், இது பெரிய ஸ்பேனர், இந்த ஆணி சின்னது, உன்னை மாதிரி. அவள் ஒரு ஆணியைக் காட்டி 'ம்' என்றால், "ஆணி. உ... உருண்டை ஆணி" என்பார், பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், மூக்கில் வைத்து முகர்வாள், "ணி" என்பாள். எட்டு எண்ணியிருப்பார் அதற்குள். ஒரு நாள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டி "ப்பா, தா" என்றாள். அவளே கொடுக்கிறாள், அவளே தா என்கிறாள். அவர் அந்த 'தா'வைத் திருத்தவில்லை. அதற்கு முன்னால் இருந்த 'ப்பா'வைப் பிடித்துக்கொண்டு அன்று மத்தியானம் வரை வேலையே ஓடவில்லை.

இதற்கிடையில்தான் அந்த இன்னொரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். சில வார்த்தைகளில் அவருக்கு நாக்கு மாட்டுவதே இல்லை. மெஷினில் தண்ணீர் ஏறும்போது சலசல. கழிவுக் குழாயில் இறங்கும்போது கொடகொட. கால் சமமாக நிற்காத மெஷின் தடதட. பெல்ட் தேய்ந்தால் கீச்கீச், பேரிங் போனால் கரகர. இருபது வருடமாக அவர் மனதுக்குள் மெஷின்களோடு பேசிவந்த வார்த்தைகள் இவைதான். இரண்டு தடவை சொன்னால்தான் இவை வார்த்தை. ஒரு தடவை சொன்னால் அர்த்தமே கிடையாது. ஒருவர் 'சல' என்று நிறுத்தினால்தான் என்னப்பா ஆச்சு என்று கேட்பார்கள். இந்த மொழியில் திக்குகிறவனுக்கென்றே யாரோ ஒரு கூடை வார்த்தையைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார். மூன்றாவதாக ஒரு 'சல' வந்து விழுந்தால்தான் என்ன, தண்ணீர் அதிகமாகப் போகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாப்பாவுக்கும் அந்தக் கூடைதான் பிடித்தது. காலையில் வாளியில் குவளையை முக்கினால் 'குபுகுபு', பிஸ்கட்டைக் கடித்தால் 'மொறுமொறு', அப்பாவின் தாடை 'சொரசொர', புதுத் துண்டு 'மெத்துமெத்து'. குளியல், சாப்பாடு, துணி மடிப்பது, ஷட்டர் தூக்குவது என்று எதுவும் சத்தமில்லாமல் நடப்பதில்லை என்றாகிவிட்டது. பக்கத்துக் கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்து, என்ன சைலன்சர், கடைக்குள்ளே மழையா என்று கேட்டுவிட்டுப் போனார். மெக்கானிக் ஒரு வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டியின் உட்பக்கத்தில் மகள் சொன்ன வார்த்தைகளைத் தேதி போட்டு எழுத ஆரம்பித்தார். மூன்று வாரத்தில் அட்டையின் ஒரு பக்கம் நிறைந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு டீச்சரம்மா வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார். ஏற்கெனவே வேறொரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, மெஷின் தடதடவென்று ஆடுகிறது, கால்களையெல்லாம் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எனக்கென்னவோ வேறு மாதிரி சத்தம் என்று தோன்றுகிறது தம்பி, ஆனால் எப்படி என்று சொல்லத் தெரியவில்லை என்றார் டீச்சரம்மா. மெக்கானிக் மெஷினை ஓடவிட்டு, மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். பாப்பாவும் நெருங்கி வந்து, மெஷினின் பக்கவாட்டில் கன்னத்தைப் பதித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். டீச்சரம்மா ஏதோ சொல்ல வாயெடுக்க, அவர் ஒரு விரலைத் தூக்கிப் பொறுக்கச் சொன்னார். அவர் வாழ்க்கையில் ஒரு டீச்சரை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. மனதுக்குள் எண்ண ஆரம்பித்தார். பத்து தாண்டியது. பதினைந்தும் தாண்டியது.

"தடதட இல்ல" என்றாள் பாப்பா, கண்ணைத் திறக்காமலே. பிறகு, "கரகர."

அதுவரை அவள் பெரும்பாலும் ஒற்றை ஒற்றை வார்த்தையாகத்தான் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு ஒன்றோடு ஒன்றைக் கோத்து, ஒன்றை மறுத்து, வேறொன்றை எடுத்து வைக்கிறாள். "ஆமா. கரகர. பே... பேரிங் கரகர" என்றார் அவர், குரல் உடைந்துவிடாமல் பார்த்துக்கொண்டு. பின்பக்கத்தைத் திறந்தபோது பேரிங்கைச் சுற்றிப் பழுப்பாகத் துரு வழிந்திருந்தது. இது யார், உங்கள் அசிஸ்டெண்டா என்று டீச்சரம்மா கேட்டார். அவர் பதில் சொல்லத் தொடங்கி, 'அ'விலேயே நின்றுகொண்டிருந்தார்.

வீட்டில் மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டரை மணிக்கு மனைவி வந்து சேர்ந்ததும் பாப்பா பழையபடி 'ம்'முக்குப் போய்விடுவாள். அம்மா உள்ளே நுழையும்போதே, பசிக்குதா, தண்ணி வேணுமா, அது பொம்மையா, பொம்மைக்குத் தூக்கமா, என்று கேள்வியும் பதிலுமாகக் கொண்டுவந்து கொட்டிவிடுவாள். 'ம்' சொன்னாலே எல்லாம் கிடைத்துவிடுகிற இடத்தில் பாப்பா எதற்கு மெனக்கெட வேண்டும்? போதாக்குறைக்கு, அம்மா படபடவென்று பேசுவாள் என்று அவர் என்றைக்கோ சொல்லிவைத்ததைப் பிடித்துக்கொண்டு, ஒரு மத்தியானம் வாசலில் அம்மாவின் தலையைக் கண்டதும், "ப்பா, படபட" என்று அறிவித்தாள். மனைவி சிரித்தாள். ஆனால் உள்ளே வந்து, கடையிலிருந்து அவர் எடுத்துவந்திருந்த அட்டையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பத்து மூன்று வார்த்தைகள். ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு அட்டையைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

அன்று சாயங்காலம் பாப்பா தரையில் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"உங்ககிட்ட நாப்பத்து மூணு. எங்கிட்ட ஒரு 'ம்'. நான் என்னங்க கொறை வெச்சேன்?"

"கொ... கொஞ்சம்..." என்று தொடங்கினார்.

"கொஞ்சம் கூடப் பேசணுமா நான்?"

அவர் இல்லை என்று தலையசைத்தார். வழக்கம்போல் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் டீச்சரம்மாவிடம் தூக்கிய அந்த விரல் இங்கேயும் தானாக எழுந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"கொஞ்சம் பொ... பொ... பொறுத்துப் பாரு" என்றார். "அவ சொ... சொல்லுவா. டைம் குடு." மூச்சை இழுத்து விட்டுவிட்டு, தரையைப் பார்த்தபடி, "எ... எனக்கும்" என்றார்.

விசாரணை ஜன்னல் மூடிக்கொண்டது போல் ஆகிவிட்டது வீடு. கூடத்தில் மூடிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் சத்தம் மட்டும் கேட்டது. கண் கலங்கியிருந்தது அவளுக்கு, கோபமா வருத்தமா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீங்க கஷ்டப்படறதைப் பார்க்க முடியாமதான் நான் சொல்லிடுவேன்" என்றாள் கடைசியில். "இத்தனை நாள் நான் முடிச்சதெல்லாம் தப்பாவா முடிச்சேன்?"

அவர் நியாயமாக யோசித்தார். "பா... பாதி" என்றார்.

அவள் விடவில்லை, எது எது என்று கேட்டாள், கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் சொன்னார். கல்யாணமான புதிதில் துணிக்கடையில், உங்களுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அவள் கேட்டபோது, நீ எடுக்கிற எதுவும் பிடிக்கும் என்று சொல்ல வாயெடுத்து 'நீ... நீ...' என்று அவர் நின்றார். நீலமா என்றாள் அவள். அன்றிலிருந்து இன்றுவரை அவரிடம் இருப்பதெல்லாம் நீலச் சட்டை. அவள் திரும்பிக் கொடியில் மடித்துப் போட்டிருந்ததைப் பார்த்தாள். வரிசையாக ஆறு நீலம். பீறிட்டு வந்த சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது, அவரும் சேர்ந்துகொண்டார். எதற்கென்று தெரியாமலே பாப்பாவும் மூடியால் தரையைத் தட்டிச் சிரித்தாள்.

சிரிப்பது சுலபம், பொறுப்பது சுலபமாக இல்லை அவளுக்கு. பாப்பாவிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்காருவாள். உதடு அசையும், சத்தம் வராது. ஐந்தாவது எண்ணில் புருவம் மேலே போகும், ஏழாவதில் அவரைக் கெஞ்சுவது போல் பார்ப்பாள். அவர் கண்ணாலேயே இன்னும் மூன்று என்பார். பத்து நாளில் இரண்டு தடவை அவள் எழுந்து சமையலறைக்கே ஓடிவிட்டாள். மூன்றாவது வாரம், குளிக்கும்போது ஒருநாள் அவள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க, பாப்பா குவளையைக் கவிழ்த்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, "ம்மா, தண்ணி போச்சு" என்றாள். நனைந்த புடவையோடு ஓடி வந்து அட்டையில் அதை அவளே எழுதினாள். எழுத்து பெரிதாக, மூன்று வரியை அடைத்துக்கொண்டு.

காப்பகம் திறக்க இன்னும் இரண்டு நாள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டின் பின்னால் கொடி கொள்ளாத அளவு துணி காய்ந்துகொண்டிருந்தது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, பாப்பாவின் கவுன்கள். உள்ளே இருவரும் அலமாரியை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பின்வாசல் படியில் விளையாடிக்கொண்டிருந்த பாப்பா திடுதிடுவென்று ஓடிவந்து நடுவில் நின்றாள். மூக்கு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். பெரிய செய்தி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"ம... ம... ம..."

மனைவி அவரைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார். இது விளையாட்டா, அவசரமா, வேறு ஏதாவதா என்று இருவருக்கும் தெரியாது. அவர் அலமாரியை விட்டுவிட்டு, மகளின் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்தார். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ம... மழை" என்றாள் பாப்பா. மூச்சு வாங்கினாள். பின்னால் கையைக் காட்டினாள். "மழை... சடசட... துணி..."

கூரையில் முதல் துளிகள் விழுவது கேட்டது. மனைவியின் உடம்பு பாதி எழுந்தது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், அவள் மறுபடி உட்கார்ந்தாள். பாப்பா இன்னும் முடிக்கவில்லை. வாய் திறந்திருந்தது, விரல் எதையோ தேடிக் காற்றில் நின்றது, புருவம் இரண்டும் நடுவில் வந்து முட்டிக்கொண்டன. கதவுக்கு வெளியே படுக்கை விரிப்பு நனைந்து கனத்துத் தாழ்ந்து வந்தது, கவுன்களிலிருந்து தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது, மழை வலுத்து முற்றம் முழுக்கச் சலசலவென்று ஓடியது. மூன்று பேரும் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.